சொந்தப் பாட்டு: மெட்டு, ஹாஸ்டல் ரெக்கார்டிங், மேடை. கல்லூரிப் போட்டிக்கு ஆலோசனை வேண்டும்

கடைசி_பெஞ்ச்_கீபோர்டு:

வணக்கம். எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் சொந்தப் பாட்டுக்கென்று தனிப் போட்டி வைக்கிறார்கள். முதல் சுற்றுக்கு எம்.பி.3 அனுப்ப வேண்டும், 4 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. தேர்வானால் மேடையில் நேரடியாகப் பாட வேண்டும். செட்டிங் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 8 நிமிடம். ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஓட விட்டு வாசிக்கலாம், ஆனால் குரல் மட்டும் லைவாக இருக்க வேண்டும் என்று விதி.

ஆட்கள்: பாட ஒரு பையன், ஒரு பெண். அக்கூஸ்டிக் கிடார் (பிக்கப் உண்டு), 61 கீ கீபோர்டு, கஹோன் (உட்கார்ந்துகொண்டு கையால் அடிக்கும் மரப்பெட்டித் தாளக் கருவி). சாமான்: லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டு வைத்திருக்கிறோம். ரெக்கார்டிங் ஹாஸ்டல் ரூமில்தான், வேறு இடம் இல்லை. கையில் ஐந்து வாரம் இருக்கிறது.

சந்தேகங்கள்:

பல்லவிக்கு மெட்டு வந்துவிட்டது. வரி எழுதினால் உட்கார மாட்டேன் என்கிறது. படித்தால் நன்றாக இருக்கிறது, பாடினால் இழுக்கிறது. வரியை முதலில் எழுதிவிட்டு மெட்டை மாற்றுவதா?

பையனுக்குச் சுருதி ஒன்றரைக் கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை. ஒரே பாட்டில் எப்படிச் சேர்ப்பது?

ஹாஸ்டல் ரூமில் எதிரொலியும் ஃபேன் சத்தமும் இல்லாமல் குரல் எடுக்க வழி உண்டா?

கடைசியாக, விண்ணப்பப் படிவத்தில் "படைப்பின் உரிமை விழாக் குழுவைச் சாரும்" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

சந்தம்:

முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். ரெக்கார்டிங் தெரிந்தவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

மெட்டு பிடித்திருக்கிறது என்றால் அதை மாற்றாதீர்கள். வரியைத்தான் வளைக்க வேண்டும். நீங்கள் செய்யாமல் விட்டது தத்தகாரம் என்று நினைக்கிறேன். மெட்டை வாய்விட்டு 'தனன தானா' என்று பாடி, அதை அப்படியே தாளில் எழுதுங்கள். குறில் விழும் இடத்தில் 'த', 'ன'; நீட்டும் இடத்தில் 'தா', 'னா'; சட்டென்று நிற்கும் இடத்தில் 'தந்', 'தத்'. இந்தத் தாள் இல்லாமல் வரி எழுத உட்கார்ந்தால் கவிதைதான் வரும், பாட்டு வராது.

உதாரணத்துக்கு, மெட்டு 'தனன தனன தானா' என்று வைத்துக்கொள்வோம். கடைசி 'னா' மேலே ஏறி இரண்டு தட்டு நிற்கிறது. அதற்கு 'விடுதி முழுதும் காற்று' என்று எழுதினால் எழுத்துக் கணக்கு சரியாகவே இருக்கும். பாடும்போது என்ன ஆகும்? 'று' என்பது குற்றியலுகரம். பேச்சில் அதற்கு அரை மாத்திரைதான். அதை இரண்டு தட்டுக்கு இழுத்தால் 'காற்றூ' என்று ஆகிவிடும். 'விடுதி முழுதும் காற்றே' என்று விளியாக மாற்றிப் பாருங்கள். 'ஏ' தாராளமாக நிற்கும், வரிக்கு ஒரு கூப்பிடும் தொனியும் கிடைத்துவிடும். படிக்க நன்றாக இருந்து பாட இழுக்கும் வரிகளில் பாதிக்கு மேல் இந்த உகர வியாதிதான்.

அடுத்தது குறில் நெடில் இடம் மாறுவது. 'விடு' என்ற சொல்லின் முதல் எழுத்தை நீளமான சுரத்தில் வைத்தால் கேட்பவன் காதில் 'வீடு' என்று விழும். 'கொடு' கோடாகும், 'எடு' ஏடாகும். அச்சில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வரி தெரியாத ஒருவரை உட்காரவைத்து, ஒருமுறை பாடிக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எங்கே தப்பாக எழுதுகிறாரோ அங்கே சொல்லை மாற்றுங்கள்.

உச்ச சுரத்தில் ஆ, ஓ, ஏ வைத்தால் தொண்டை திறக்கும். இ, உ வைத்தால் மூடும், சுருதியும் கொஞ்சம் விலகும். நீட்டிய சுரம் மெய்யில் முடிய வேண்டும் என்றால் ம், ன், ல், ர் பரவாயில்லை, முனகலாகவாவது நிற்கும். எதுகைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வரித் தொடக்கத்தில் மோனை, வரிக் கடைசியில் இயைபு, இரண்டும் இருந்தால் பல்லவி மனசில் தங்கும். எதுகை தானாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டை விஷயம். ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்து என்றால் ஜி. நடுவில் மூன்று கட்டையில் வைத்து இரண்டு பேருக்கும் சமாதானம் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். இரண்டு பேருக்குமே அரைகுறையாகப் போய்விடும். சினிமா டூயட்டுகளில் சுருதி பெரும்பாலும் ஒன்றுதான். மெட்டு நடமாடும் இடம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து கட்டையிலேயே வையுங்கள். பெண்ணுக்கு மத்திய ஷட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி காந்தாரம் வரை தாராளமான இடம். பையனுக்கு அதே சுருதியில் மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய ஸ்தாயி தைவதம், மிஞ்சினால் நிஷாதம் வரை. அவனுடைய சரணத்தை அந்த எல்லைக்குள்ளேயே மெட்டமையுங்கள். தார ஷட்ஜத்தைத் தொட வைக்காதீர்கள். கடைசிப் பல்லவியை இரண்டு பேரும் சேர்ந்து பாடும்போது பையன் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். ஆனால் பெண் மத்திய ஷட்ஜத்துக்கு இறங்கும் இடத்தில் அவனுக்குக் கீழே எட்டாது. அங்கே மட்டும் அவளுடைய அதே சுரத்திலேயே சேர்ந்துகொள்ளட்டும். இன்னொரு லாபம்: கிடாருக்கு ஜி, சி, டி, ஈ மைனர் எல்லாமே ஓப்பன் கார்டு, கேப்போ தேவையில்லை.

நீளம். வேகம் 96 பிபிஎம், நான்கு தட்டு என்று வைத்தால் ஒரு பார் 2.5 வினாடி. முன்னிசை 4 பார், பல்லவி 16, இடையிசை 8, முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 16, கடைசிப் பல்லவி இரண்டு முறை 16. மொத்தம் 84 பார், மூன்றரை நிமிடம். இரண்டாவது இடையிசையை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நடுவர் இருபது பாட்டு கேட்கப் போகிறார். முன்னிசையே அரை நிமிடம் ஓடினால் அவர் பேனாவை மூடிவிடுவார்.

ஒலிப்பெட்டி:

ரெக்கார்டிங் பற்றி. முதலில் ப்ராஜெக்ட் செட்டிங்: சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரி) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எல்லாரும் இதையே வையுங்கள். கீபோர்டுக்காரர் வீட்டிலிருந்து அனுப்பும் ஃபைல் 48, ப்ராஜெக்ட் 44.1 என்று இருந்து, சாஃப்ட்வேர் அதை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் பாட்டு 8 சதவீதம் மெதுவாகவும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் கீழேயும் ஓடும். "கிடார் ட்யூன் சரியில்லை" என்று கிடார்காரனைத் திட்டிக்கொண்டு அரைநாள் போகும். ரீப்பர் பெரும்பாலும் தானே மாற்றிக்கொள்ளும், ஆனாலும் ஃபைல் பெயரிலேயே பிபிஎம், கட்டை, சாம்பிள் ரேட் மூன்றையும் எழுதி வைப்பது நல்லது.

ரூம். ஹாஸ்டல் ரூமில் நான்கு பக்கமும் சுண்ணாம்புச் சுவர், கீழே தரை, ஒரு இரும்பு பீரோ. கைதட்டிப் பாருங்கள், 'ட்ரிங்' என்று ஒரு வால் கேட்கும். அந்த வால்தான் குரலில் ஒட்டிக்கொள்ளும். மிக்ஸில் அதைப் பிரித்து எடுக்க முடியாது. முட்டை அட்டை ஒட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் கனமே இல்லை. உங்கள் ரூமில் உருப்படியான சாமான் மெத்தைதான். பாடுபவரின் முதுகுப்புறம் இரண்டு மெத்தையை நிமிர்த்தி 'வி' மாதிரி நிறுத்துங்கள். மைக் பாடுபவரைப் பார்க்கிறது, அதாவது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்க்கிறது. பலரும் மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டு, முதுகுப்புறத்தைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். பீரோ கதவைத் திறந்து வைத்து உள்ளே துணியைத் தொங்கவிட்டால் அதுவும் ஒரு பக்கச் சத்தத்தை விழுங்கும். மூடிய பீரோ கஹோன் அடிக்கும்போது கூடவே அதிரும். ரூம் மத்தியில் நிற்காதீர்கள், மூலைக்குள்ளும் போகாதீர்கள்.

ஃபேனை அணைத்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் இருந்தால் அதையும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பாதி இடங்களில் அங்கேயே நின்றுவிடும். ஃபோன்கள் எல்லாம் ஏரோப்ளேன் மோடில். ஒவ்வொரு தடவையும் பாட ஆரம்பிக்கும் முன் 10 வினாடி எல்லாரும் சும்மா நின்று வெறும் ரூம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். பின்னால் இரைச்சல் நீக்க அந்த மாதிரி தேவைப்படும். நீக்குவதும் 6 முதல் 8 டெசிபல் வரைதான். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

மைக். கண்டென்சருக்கு 48 வோல்ட் சுவிட்சைப் போட வேண்டும். அதைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோன் வால்யூமைக் குறைத்து வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், சுமார் 20 செ.மீ. பாப் ஃபில்டர் இல்லையென்றால் மைக்கை மூக்கு உயரத்தில் வைத்து, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். 'ப', 'ப்ப' காற்று மைக்குக்குக் கீழே போய்விடும். கெயின் வைக்கும்போது பாட்டிலேயே சத்தமான வரியைப் பாடச் சொல்லுங்கள். மீட்டரின் உச்சம் -12 முதல் -8 வரை இருந்தால் போதும். 24 பிட்டில் எடுக்கும்போது சிவப்பு வரை ஏற்ற ஒரு காரணமும் கிடையாது. ஏற்றிக் கிழிந்தால் அந்த டேக் குப்பைதான்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனை ரெக்கார்டிங்கில் தொடவே கூடாது. அதன் தாமதத்தில் பாடுபவர் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். வயர் ஹெட்ஃபோன், அதுவும் காதை மூடும் ரகம். இல்லையென்றால் க்ளிக் (தாளம் காட்டும் மெட்ரோனோம்) சத்தம் மைக்கில் ஏறும். மெதுவான வரி முடிந்து அமைதி வரும் இடத்தில் பின்னால் 'டிக் டிக்' என்று கேட்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (குரலை லேப்டாப் சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது) சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு, ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும். பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலி அளவு) ரெக்கார்டிங்கின்போது 128, மிக்ஸின்போது 1024. 128 சாம்பிள் என்றால் தாமதம் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 1024 என்றால் 21, போக வர அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பாடுபவருக்கு அது உறுத்தும்.

வரிசை: க்ளிக்கோடு கிடாரும் கச்சாக் குரலும் முதலில். பிறகு கஹோன், கீபோர்டு, நல்ல கிடார், கடைசியில் குரல். கீபோர்டை மைக் வைத்து எடுக்காதீர்கள். யூஎஸ்பி இருந்தால் மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்த நோட்டை எப்போது அழுத்தினீர்கள் என்ற குறிப்பாக) எடுங்கள், பின்னால் சத்தத்தை மாற்றலாம், தப்பு நோட்டைத் திருத்தலாம். கிடாருக்கு பிக்கப் வேண்டாம், அது மேடைக்கு. மைக்கை 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து 25 செ.மீ தள்ளி வையுங்கள். ஓட்டைக்கு நேரே வைத்தால் 'பொம்' என்று குடம் அடிக்கும். அதே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் தள்ளுங்கள். ஒரே டேக்கை நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, சத்தம்தான் கூடும்.

குரலுக்கு ஆளுக்கு நான்கு முழு டேக், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் தொண்டை களைக்கும், உச்சரிப்பு மழுங்கும். நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டும்போது ஒட்டிடத்தில் 10 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் கொடுங்கள், இல்லையென்றால் 'டிக்' கேட்கும். மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டிவிடாதீர்கள். அதைச் சற்றுக் குறைத்தால் போதும். மூச்சே இல்லாத குரல் மிரட்டும்.

மிக்ஸ் பற்றிச் சுருக்கமாக: குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு; 250 முதல் 400க்குள் ஹாஸ்டல் ரூம் உட்கார்ந்திருக்கும், அங்கே 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள்; 'ஸ', 'ச' குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டி-எஸ்ஸர். கம்ப்ரஸர் (சத்தம் ஏறும் இடத்தைத் தானே அடக்குவது) 3:1, ஊசி 4 டெசிபல் அசைந்தால் போதும். ரிவர்புக்கு முன் 30 மில்லி செகண்ட் ப்ரீ-டிலே வைத்தால் சொல் தெளிவாக நிற்கும், ஈரம் பின்னால் வரும். முடித்ததும் ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். வரி புரியவில்லை என்றால் குரலை 1 டெசிபல் ஏற்றுங்கள். தமிழ்ப் பாட்டுக்குக் குரல் ஒரு படி முன்னால் இருப்பதே முறை. கடைசியில் -14 லஃப்ஸ் (பாட்டின் மொத்தச் சத்த அளவு) சுற்றி, உச்சம் -1. யூட்யூபும் ஸ்பாட்டிஃபையும் அந்த அளவுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

ரெண்டாங்_காலம்:

ஒலிப்பெட்டி சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். க்ளிக்கை எல்லாப் பாட்டுக்கும் கட்டாயமாக்க வேண்டாம். 70க்குக் கீழே ஓடும் மெதுவான பாட்டில், அனுபல்லவி மாதிரி நிதானிக்கும் இடத்தில் க்ளிக் போட்டால் பாடுபவர் அளந்து அளந்து கால் வைக்கிறார். கிடாரையும் கச்சாக் குரலையும் க்ளிக் இல்லாமல் சேர்த்து எடுத்து, பிறகு ரீப்பரில் பாருக்குப் பார் டெம்போ குறி வைத்துக்கொள்ளலாம். கீபோர்டு மிடி அந்தக் குறிக்குத் தானே வளையும்.

ஒலிப்பெட்டி:

சரிதான், ஆனால் இவர்கள் மேடையில் ட்ராக் ஓடவிடப் போகிறார்கள். கஹோன்காரர் காதில் க்ளிக் வேண்டும். வளையும் டெம்போவில் அது அவருக்கு நரகம். 96இல் ஓடும் பாட்டுக்கு நிலையான க்ளிக்கே இருக்கட்டும்.

கடைசி_பெஞ்ச்_கீபோர்டு:

சந்தம் அண்ணா, ஐந்து கட்டையே வைத்துவிட்டோம், பையன் சரணம் அழகாக உட்கார்ந்துவிட்டது. மிக்க நன்றி.

இன்னும் இரண்டு. குரலில் சில இடம் சுருதி இறங்குகிறது; ஆட்டோட்யூன் போட்டால் அசைவு இருக்கும் இடமெல்லாம் ரோபோ மாதிரி ஆகிறது. இரண்டாவது பெரிய குழப்பம்: ஹாலில் ட்ராக்கைப் போட்டுப் பார்த்தோம். ஃபோனிலிருந்து ஒற்றை கேனன் (மூன்று பின் உள்ள மைக் ப்ளக்) வயர் வழியாக மிக்ஸருக்குப் போனது. ஹெட்ஃபோனில் சரியாக இருந்த ட்ராக்கில் பேஸும் கோரஸ் குரலும் காணாமல் போய், ரிவர்பு மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. ஃபைலில் தப்பா?

மேடைவயர்:

ஃபைலில் ஒன்றும் இல்லை தம்பி, வயர்தான். 3.5 மி.மீ ஸ்டீரியோ ஜாக் ஒரு முனை, கேனன் பின் ஒரு முனை என்று கடையில் ஒரு வயர் விற்கும். அதில் இடது சேனல் 2ஆம் பின்னுக்கும் வலது சேனல் 3ஆம் பின்னுக்கும் போகும். மிக்ஸரின் மைக் இன்புட் அந்த இரண்டு பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். இடது கழித்தல் வலது என்று வையுங்கள். பேஸும் குரலும் நடுவில் இருப்பவை, இரண்டு சேனலிலும் ஒரே அளவு, கழித்தால் பூஜ்யம். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசப்படும் ரிவர்பு மட்டும் மிஞ்சும். மைக் செட்காரரிடம் அந்த வயர்தான் இருக்கும், எனவே நீங்களே ஒன்று கொண்டு போங்கள்: 3.5 மி.மீ ஸ்டீரியோ ஒரு பக்கம், இரண்டு கால்-இன்ச் மோனோ ஜாக் மறுபக்கம். அவை இரண்டு டிஐ பெட்டிக்குள் (ஜாக்கில் வரும் ஒலியை மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போக வேண்டும்.

நீங்கள் க்ளிக் வேறு வைத்திருப்பதால் இன்னும் எளிது. ட்ராக்கை மோனோவாக்கி (ஒரே சேனலாகச் சேர்த்து) இடது சேனலில், க்ளிக்கை வலது சேனலில் வைத்து ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். இடது ஜாக் டிஐ வழியாக மிக்ஸருக்கு. வலது ஜாக் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வழியாகக் கஹோன்காரர் காதுக்கு. ஜாக்குகளில் இப்போதே சிவப்பு டேப், வெள்ளை டேப் சுற்றிவிடுங்கள். மாறிப்போனால் ஹால் முழுக்க 'டிக் டிக்' கேட்கும். மோனோ ஆவதைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான கல்லூரி ஹாலில் ஸ்பீக்கர் எப்படியும் மோனோதான். ஆனால் மோனோவாக்கியதும் ஒருமுறை கேளுங்கள். ஸ்டீரியோவில் அகலமாக விரித்த சின்த் பேட் சில நேரம் தேய்ந்து போகும். ஃபைலின் தொடக்கத்தில் இரண்டு பார் க்ளிக் மட்டும் இருக்கட்டும். ஃபோன் ஏரோப்ளேன் மோடில், அலாரம் உட்பட எல்லாம் அணைத்து. இன்னொரு ஃபோனில் அதே ஃபைல்.

மைக் செட்காரருக்கு ஒரு தாள் கொடுங்கள், நிகழ்ச்சி அன்று காலையிலேயே. குரல் 2 மைக், கஹோன் 1 மைக், கிடார் 1 டிஐ, கீபோர்டு 1 டிஐ (மோனோ போதும், இடது/மோனோ என்று எழுதியிருக்கும் அவுட்டிலிருந்து), ட்ராக் 1 டிஐ. மொத்தம் ஆறு லைன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேலிருந்து பார்ப்பது போல் ஒரு கட்டம் வரையுங்கள், கரண்ட் பாயின்ட் எங்கே வேண்டும் என்பதோடு. இந்தத் தாள் இருந்தால் செட்டிங் 3 நிமிடத்தில் முடியும். பாட்டு மூன்றரை, மிச்சம் ஒன்றரை நிமிடம் கையிருப்பு. லைன் செக் வரிசை: ட்ராக், கஹோன், கீபோர்டு, கிடார், குரல். 'ஹலோ ஹலோ' சொல்லாமல் பாட்டின் உச்ச வரியையே பாடச் சொல்லுங்கள். பேசும் சத்தத்துக்கு ஃபேடர் வைத்தால் பாடும்போது கிழியும்.

கிடார் பிக்கப்பில் ப்ரீ-ஆம்ப் இருந்தால் 9 வோல்ட் பேட்டரி ஒன்று புதிதாக வாங்கிப் போடுங்கள். ப்ரீ-ஆம்ப் இல்லாத பியசோ பிக்கப் (அதிர்வை எடுக்கும் ரகம்) என்றால் ஆக்டிவ் (கரண்டில் ஓடும்) டிஐ கேளுங்கள். பாசிவ் டிஐயில் சத்தம் மெலிந்து தகரம் மாதிரி வரும்.

ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி விசில் அடிப்பது (ஃபீட்பேக்) பற்றி. சாதாரண கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும்) மைக்குக்கு, மைக்கின் வாலுக்கு நேர் பின்னால் மானிட்டர் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி. ராப்பர்கள் பிடிக்கும் மாதிரி மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் திசைக் கணக்கெல்லாம் போய்விடும், உடனே கூவும். மைக் வாயிலிருந்து மூன்று விரல் தூரம். உச்சத்தில் தலையை லேசாகப் பின்னால் எடுக்கலாம், மைக்கை இடுப்புக்கு இறக்கக் கூடாது. மானிட்டரில் குரல் கேட்கவில்லை என்றால் "குரலை ஏற்றுங்கள்" என்பதற்கு முன் "ட்ராக்கைக் குறையுங்கள்" என்று கேளுங்கள்.

இரைச்சல் வந்தால் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். லேப்டாப் ப்ளக்கிலோ கீபோர்டு ப்ளக்கிலோ எர்த் காலை உடைப்பதும், டேப் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். கிடார் கம்பியில் கை, மைக்கில் உதடு; இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் ஷாக் உதட்டில்தான் அடிக்கும். மேடையில் உள்ள எல்லாம் மைக் செட்காரரின் அதே லைனிலிருந்து கரண்ட் எடுக்கட்டும்.

ஒலிப்பெட்டி:

ஆட்டோட்யூன்: நம் பாட்டில் சுரத்தை ஆட்டிப் பாடும் இடத்தில், அந்த ஆட்டத்தின் மேலும் கீழும் இருக்கும் சுரங்களை அது தனித்தனிப் படிகளாக வெட்டிவிடுகிறது. அதனால்தான் ரோபோ. முழு ட்ராக்குக்கும் போடாதீர்கள். இறங்கிய நோட்டை மட்டும் வெட்டித் தனி ஐட்டமாக்கி, 20, 30 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) என்று கையால் ஏற்றுங்கள். நின்று ஒலிக்கும் சுரம்தான் காதுக்கு உறுத்தும்; ஓடிப்போகும் சுரத்தை விட்டுவிடலாம். ஒரே வரியில் நான்கு நோட்டுக்கு மேல் திருத்த வேண்டியிருந்தால் திரும்பப் பாடவையுங்கள், அது சீக்கிரம் முடியும். சுருதி அடிக்கடி இறங்குகிறது என்றால் ஹெட்ஃபோனில் ட்ராக் அதிகச் சத்தமா என்று பாருங்கள். தன் குரல் தனக்குக் கேட்காமல் பாடுபவர் இறங்கத்தான் செய்வார். ஒரு காதை முக்கால்வாசி திறந்துவிட்டாலே பாதி சரியாகும்.

பத்திர_எழுத்து:

உரிமை பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனிச் சொத்துகள் இருக்கின்றன: வரி (இலக்கியப் படைப்பு), மெட்டு (இசைப் படைப்பு), பதிவு செய்த ஒலி. எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் கிடையாது. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும்; ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

உங்கள் படிவத்து வரி மொட்டையாக இருக்கிறது. "உரிமை குழுவைச் சாரும்" என்றால் மூன்றுமா, ஒலிப்பதிவு மட்டுமா, எத்தனை காலத்துக்கு? அப்படியே கையெழுத்துப் போட்டால் நாளைக்கு உங்கள் பாட்டை நீங்களே வெளியிடும்போது வாதாட வேண்டியிருக்கும். விழாக் குழுவுக்கு உண்மையில் தேவைப்படுவது அனுமதிதான், உரிமை அல்ல. அந்த வரியை அடித்துவிட்டு, "விழா விளம்பரத்துக்கும் விழா வீடியோவுக்கும் இந்தப் பதிவைப் பயன்படுத்த அனுமதிக்கிறோம், வரி, மெட்டு, ஒலிப்பதிவு உரிமை படைத்தவர்களுக்கே" என்று எழுதித் தரலாமா என்று பொறுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். பழைய படிவத்தை நகல் எடுத்திருப்பார்கள்; கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உங்களுக்குள்ளும் ஒரு தாள் வேண்டும். வரி யார், மெட்டு யார், ஒலிப்பதிவில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் குழுவை விட்டுப் போனால் மற்றவர்கள் மேடையில் பாடலாமா. அரைப் பக்கம், தேதி, எல்லார் கையெழுத்தும். பாட்டு ஓடாத வரை இது அதிகப்பிரசங்கம் மாதிரித்தான் தெரியும்.

ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு) பயன்படுத்தியிருந்தால் அதன் லைசென்ஸைச் சேமித்து வையுங்கள். அதே லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். அப்படிப்பட்ட பாட்டை யூட்யூபின் கன்டென்ட் ஐடியில் (பதிவு செய்த ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானே கண்டுபிடிக்கும் முறை) பதிவு செய்யக் கூடாது. செய்தால் உங்கள் பெயரில் அடுத்தவர் வீடியோவுக்கு க்ளெய்ம் போகும், அவர்கள் திருப்பி அடிப்பார்கள். யூட்யூபில் 'இலவசம்' என்று போட்டிருக்கும் பீட்டுகள் பலவும் காசு வராத உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். போட்டியில் பரிசுத் தொகை இருந்தால் அந்த பீட்டைச் செய்தவரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பாரதியின் வரியை ஒரு இடத்தில் கோக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அவர் மறைந்தது 1921, எழுத்து பொதுச் சொத்து, தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவர் அந்த வரிக்குப் போட்ட மெட்டு பொதுச் சொத்தாகிவிடாது. போட்டி விதியில் 'சொந்த வரி' என்று இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்குப் பிறகு ஸ்பாட்டிஃபை முதலியவற்றில் போட நினைத்தால் நேரடியாக ஏற்ற முடியாது, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். பாட்டுக்கு 12 எழுத்து, எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை அவர்களே தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுக்காவிட்டால் கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல். வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்னால் அது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்புவது வேவ் ஃபைலாக இருக்கட்டும், போட்டிக்கு அனுப்பிய எம்.பி.3 அல்ல. விழாக் குழு வாட்ஸப்பில் கேட்டால் எம்.பி.3-ஐ டாக்குமெண்டாக அனுப்புங்கள்.